பேரிங் மாற்றும் தேதியை முன்கூட்டியே எழுதுங்கள்

சொந்தமாக ஜைரோபிளேன் கட்டி, தாமே பராமரித்து, அதிலேயே பறக்கும் அமெரிக்க நண்பர்களுக்கு,



ஜைரோ ஆட்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு கட்டத்தில் ரோட்டர் தலைக்கு வந்துவிடுகிறது. "பேரிங்கை எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறீர்கள்?" என்று யாராவது கேட்பார். ஒருவர் ஐந்நூறு என்பார், இன்னொருவர் ஆயிரம் என்பார். "சத்தம் வந்தால் மாற்றிக்கொள்ளலாம்" என்று மூன்றாமவர் சொல்வார். "பதினைந்து வருஷமாக அதே பேரிங்தான், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்ல நாலாவதாக ஒருவர் நிச்சயம் இருப்பார். கேட்டவர் அவற்றுள் தமக்குப் பிடித்த பதிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

அந்தக் கேள்விக்கு இதைவிடப் பொறுப்பான பதில் வேண்டும் என்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணிக் கணக்கு மட்டும் போதாது. பேரிங்கைப் பொருத்தும் அன்றே, அதைக் கழற்றப்போகும் தேதியையும், தேதிக்கு முன்பே கழற்ற வைக்கும் காரணங்களையும் லாக்புக்கில் எழுதி வையுங்கள். பறக்கத் தயாராக ஹேங்கர் வாசலில் நிற்கும் காலை நேரத்தில் அந்த முடிவை எடுக்காதீர்கள்.

இந்த மடலை உங்கள் வீட்டில் இருப்பவர்களும் படிக்கக்கூடும். ஆகவே அவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஹெலிகாப்டரின் ரோட்டரை இன்ஜின் சுழற்றுகிறது. ஜைரோபிளேனில் இன்ஜின் பின்னால் உள்ள புரொப்பெல்லரை மட்டுமே சுழற்றி வண்டியை முன்னே தள்ளும். தலைக்கு மேலுள்ள ரோட்டர், கீழிருந்து மேலே பாயும் காற்றால் தானே சுழல்கிறது. ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் ஹுவான் தெ லா சியெர்வா இந்தத் தத்துவத்தில் அமைத்த விமானம் 1923 ஜனவரியில் மாட்ரிட் அருகே பறந்து காட்டியது. 1950களில் அமெரிக்காவில் இகோர் பென்சன் அதை இரண்டே பிளேடு கொண்ட எளிய கருவியாக்கி, வீட்டுப் பட்டறையில் கட்டக்கூடியதாக மாற்றினார். 1962இல் தொடங்கிய பாப்புலர் ரோட்டர்கிராஃப்ட் அசோசியேஷன் அந்த மரபை வளர்த்தது. இன்று நீங்கள் பறப்பதும் அந்த வழியில்தான்.

அந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. பறக்கும்போது வண்டியும், நீங்களும், பின்னிருக்கையில் இருப்பவரும், பெட்ரோலும் சேர்ந்த மொத்த எடையும் ரோட்டர் தலையில் உள்ள ஒரு போல்ட்டிலும் அதைச் சுற்றியுள்ள பேரிங்கிலும் தொங்குகிறது. இன்ஜின் நின்றுபோனால் ஜைரோ மெல்ல இறங்கி ஒரு வயலில் அமரும். அந்தப் பேரிங் இறுகினாலோ சிதைந்தாலோ கைகொடுக்க வேறொரு உறுப்பு கிடையாது. இன்ஜினுக்குக் காட்டும் கவனத்தில் பாதியாவது இதற்குக் கிடைக்க வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான்.

சட்டம் இதில் உங்களுக்கு அதிகம் உதவாது. ஆலைத் தயாரிப்பு விமானங்களின் பராமரிப்பைக் கட்டுப்படுத்தும் எஃப்.ஏ.ஏ.வின் 43ஆம் பகுதி, தாமே கட்டிய சோதனை வகை விமானத்துக்குப் பொருந்தாது. 12 மாதத்துக்கு ஒருமுறை நிலை ஆய்வு செய்ய வேண்டும் என்பதோடு சரி. 254 பவுண்டுக்குக் குறைவான அல்ட்ராலைட் என்றால் 103ஆம் பகுதியின்படி அந்த ஆய்வுகூடக் கட்டாயமில்லை. தொழிற்சாலையில் செய்த ஜைரோ வாங்கியவர்களுக்குத் தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேடு இருக்கும். அதில் பேரிங்குக்கு மணியோ ஆண்டோ குறித்திருந்தால் அதுவே கடைசி எல்லை. அதைத் தாண்ட எந்தச் சமாதானமும் தேட வேண்டாம். கையேடே இல்லாத தலைகளை வைத்திருப்பவர்கள் உங்களில் நிறையப் பேர். அவர்களை மனத்தில் வைத்தே மேலே எழுதுகிறேன்.

முதலில் மணிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ரோட்டர் நிமிஷத்துக்கு 350 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு 21,000 சுற்று. எளிய தலைகளில் பழக்கமான 30 மி.மீ. துளையும் 62 மி.மீ. வெளிவிட்டமும் கொண்ட இரட்டை வரிசை கோணத் தொடுகை பேரிங்குக்கு, இயங்கு சுமைத் திறன் சுமார் 30 கிலோநியூட்டன். வண்டியின் மொத்த எடை 450 கிலோ என்றால் நேர்மட்டப் பறத்தலில் அச்சின் வழியே விழும் சுமை ஏறக்குறைய 4.4 கிலோநியூட்டன். பேரிங் தயாரிப்பாளர்கள் எல்லாரும் பயன்படுத்தும் ஆயுள் சூத்திரத்தில் இந்த எண்களைப் போட்டால் விடை 16 கோடிச் சுற்றுக்கு மேல் வரும். மணியாக மாற்றினால் ஏழாயிரத்துக்கும் அதிகம். வருஷத்துக்கு 50 மணி பறப்பவருக்கு அது 140 ஆண்டு!

இந்தக் கணக்கில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, அந்த ஆயுள் என்பது நூற்றில் தொண்ணூறு பேரிங்குகள் தாக்குப்பிடிக்கும் அளவு. மீதிப் பத்து அதற்கு முன்பே போய்விடும். உங்களிடம் இருப்பது அந்தப் பத்தில் ஒன்றா என்று சூத்திரத்துக்குத் தெரியாது. இரண்டாவது, சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்றாகச் சுருங்கும். இறுக்கமான திருப்பங்களும் அலைக்கழிக்கும் காற்றும் வழக்கமானால் ஏழாயிரம் என்பது வேகமாகக் கரையும். மூன்றாவதுதான் முக்கியம். சுத்தமான எண்ணெய்ப் படலம், துருவில்லாத எஃகு, சரியான பொருத்தம், அச்சின் வழியே மட்டும் சுமை, எல்லாம் அமைந்தால்தான் அந்தக் கணக்குச் செல்லும். 140 ஆண்டு உழைக்கும் ரோட்டர் பேரிங்கை யாரும் பார்த்ததில்லை. ஆகவே நம் பேரிங்குகளைக் கொல்வது சுற்றின் எண்ணிக்கை இல்லை. சுற்றாமல் இருக்கும் நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வருஷத்தில் 8,760 மணி நேரம். அதில் 50 மணி பறந்தால் மீதி 8,710 மணி நேரமும் பேரிங் சும்மா நிற்கிறது. குண்டுகள் எந்த இடத்தில் நின்றனவோ அதே இடத்தில், அதே புள்ளிகளில் ரேஸைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. புளோரிடாவின் ஈரக் காற்று இரவில் குளிர்ந்து பகலில் சூடாகும்போதெல்லாம் ஹவுசிங் மூச்சு விடுகிறது. ஈரம் உள்ளே போகிறது. சீல் தூசியைத் தடுக்கும், ஈரக் காற்றை முழுவதும் தடுக்காது. கிரீஸ் விலகிய தொடுபுள்ளியில் துரு பிடிக்கும். எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகையில் பறப்பவர்களுக்கு ஈரத்துக்குப் பதில் மாவு போன்ற மண். வண்டியைக் கழுவும்போது அழுத்த நீரைத் தலையின் மேல் பீய்ச்சுபவர்கள் இரண்டையும் சேர்த்தே உள்ளே அனுப்புகிறார்கள்.

டிரெய்லர் பயணம் இதைவிடக் கெடுதல். சுழலாத பேரிங் தொடர்ந்து அதிரும்போது, குண்டுக்கும் ரேஸுக்கும் நடுவிலுள்ள கிரீஸ் பிதுங்கி வெளியேறுகிறது. உலோகமும் உலோகமும் நுண்ணிய அளவில் உரசி, ஒவ்வொரு குண்டுக்கும் கீழே ஒரு சிறு குழி விழுகிறது. ரயிலில் ஏற்றி அனுப்பிய புதுக் கார்களின் சக்கர பேரிங்குகள் ஓடாமலேயே கெட்டுப்போவதைக் கார்த் தொழில் கண்டது. 1937இலேயே ஜே. ஓ. அல்மன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இண்டியானாவில் உள்ள மென்டோனில் கூடும் ஜைரோ கூட்டத்துக்காக ஆயிரம் மைல் டிரெய்லரில் இழுத்துப் போய், அங்கே மூன்று மணி நேரம் பறந்து, மறுபடி ஆயிரம் மைல் இழுத்து வந்தவரின் மணிக் கணக்கில் மூன்றுதான் ஏறும். பேரிங்கின் கணக்கில் இரண்டாயிரம் மைல் அதிர்ச்சியும் ஏறியிருக்கும். மணியை மட்டும் எண்ணும் ஹாப்ஸ் மீட்டர் அதைக் காட்டாது. டிரெய்லர் மைலையும் லாக்புக்கில் எழுதுங்கள் என்பது என் முதல் வேண்டுகோள். பிளேடுகளைக் கழற்றிவிட்டு, தலை ஆடாதபடி மெத்தென்ற தாங்கல் கொடுத்துக் கட்டுங்கள். நிறுத்தத்தில் இறங்கும்போது ஹப்பைச் சற்றே திருப்பி வைத்தால் குண்டுகள் வேறு புள்ளியில் நிற்கும். கிரீஸும் மறுபடி பரவும்.

இனி, நம்மில் பலர் நம்பியிருக்கும் கைச் சோதனையைப் பற்றி. ரோட்டரைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்து, "நல்லா வழுக்கிட்டுப் போகுது" என்று திருப்திப்படுகிறோம். இரட்டை வரிசை பேரிங்கில் ஒரு வரிசை மேல்நோக்கிய இழுப்பைத் தாங்கும். மற்றது கீழ்நோக்கிய அழுத்தத்தைத் தாங்கும். வானத்தில் ரோட்டர் வண்டியை மேலே இழுக்கிறது. தரையிலோ பிளேடுகளின் எடை கீழே அழுத்துகிறது. ஆகவே தரையில் பிளேடு மாட்டியபடி சுற்றிப் பார்க்கும்போது உங்கள் கை உணர்வது, பறக்கும்போது பெரும்பாலும் ஓய்வாக இருக்கும் வரிசையை. உழைத்துக் களைக்கும் வரிசையை நீங்கள் தொடவே இல்லை!

சரியான வழி இது. பிளேடுகளைக் கழற்றிவிடுங்கள். ஒருவர் ஹப்பைக் கீழிருந்து இரண்டு கையாலும் பலமாக மேலே தூக்கிப் பிடிக்கட்டும். இன்னொருவர் அதை மிக மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றட்டும், பிறகு எதிர்ப்பக்கம் ஒரு சுற்று. நல்ல பேரிங்கில் கிரீஸின் கனத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. கெட்டுப்போகத் தொடங்கியது சோற்றில் கல் கடிபட்டது போலச் சட்டென்று விரலுக்குத் தெரியும். குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் மீண்டும் தட்டுப்பட்டால் அது குண்டு நின்ற இடத்துக் குழி. இடைவெளி இல்லாமல் கரகரத்தால் தூசியோ துருவோ உள்ளே போயிருக்கிறது. நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஹவுசிங்கில் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்கும் பழைய மெக்கானிக் வழக்கமும் இங்கே உதவும். இந்தச் சோதனையைக் குளிர்ந்த காலையில் செய்யாதீர்கள். இறுகிய கிரீஸ் சிறு குறைகளை மறைத்துவிடும்.

மற்ற அடையாளங்களும் உண்டு. சீலின் ஓரத்தில் செம்பழுப்பு நிறத்தில் கசிவு கண்டால் உள்ளே எஃகு உரசிப் பொடியாகிறது என்று பொருள். தரையிறங்கியதும் ஹவுசிங் முன்பைவிடச் சூடாக இருந்தால் விடக் கூடாது. ஒவ்வொரு முறையும் வெப்பமானியால் அளந்து எழுதி வந்தால்தான் 'முன்பைவிட' என்பது தெரியும். ஹப்பை மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்துப் பார்த்தால் புதிதாக ஆட்டம் தெரிவது இன்னொன்று. காற்றில்லாத நாளில், பிரேக் போடாமல், ரோட்டர் நிமிஷத்துக்கு 100 சுற்றிலிருந்து நிற்கும்வரை ஆகும் நேரத்தை அளந்து வையுங்கள். நேரம் குறைந்தால் இறுக்கம் என்று எல்லாருக்கும் புரியும். நேரம் கூடினாலும் மகிழ வேண்டாம். கிரீஸ் வற்றிப்போன பேரிங் கொஞ்ச காலத்துக்கு முன்னைவிட எளிதாகச் சுற்றும்.

தலையில் இந்த ஒரு பேரிங் மட்டும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். டீட்டர் போல்ட்டைச் சுற்றியுள்ள புஷ் அல்லது ஊசி பேரிங் ஒரு முழுச் சுற்றுகூடச் சுற்றுவதில்லை. ரோட்டரின் ஒவ்வொரு சுற்றுக்கும் சில டிகிரி இப்படியும் அப்படியும் அசைகிறது. அதாவது நொடிக்கு ஆறு தடவை. அதனால் மசகு தானாகப் பரவாது. தேய்மானமும் ஓரிடத்திலேயே குவியும். ஸ்டிக்கில் புதிதாக ஒரு நடுக்கம் வந்தால் பிளேடை மட்டும் சந்தேகிக்காமல் டீட்டர் புஷ்ஷையும், தலையைச் சாய்க்கும் இரண்டு குறுக்கு போல்ட்டுகளையும், கண்ட்ரோல் ராடுகளின் முனை பேரிங்குகளையும் பாருங்கள்.

இங்கே ஒரு நேர்மையான எதிர்வாதம் உண்டு. "ஓடுகிறதை எதற்குக் கழற்றணும்? கழற்றி மாட்டுவதில்தான் தப்பு நடக்கும்" என்பார்கள். இதை லேசாகத் தள்ள முடியாது. 1978இல் ஸ்டான்லி நோலனும் ஹோவர்ட் ஹீப்பும் விமான நிறுவனங்களின் பராமரிப்பை ஆராய்ந்து எழுதிய அறிக்கை இதற்கு வலுச் சேர்க்கிறது. பெரும்பாலான உறுப்புகள் வயதாவதால் கெடுவதில்லை என்றும், பல உறுப்புகள் புதிதாக மாட்டிய உடனேயே அதிகம் பழுதாகின்றன என்றும் அது காட்டியது. காலக்கெடு வைத்து எல்லாவற்றையும் கழற்றுவதற்குப் பதிலாக நிலையைப் பார்த்து மாற்றுவதே மேல் என்ற எண்ணம் உலகெங்கும் பரவ அதுவும் உதவியது.

அந்த அறிக்கையை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் அதை நம் ஹேங்கருக்குக் கொண்டுவரும்போது அதன் நிபந்தனையையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும். நிலையைப் பார்த்து மாற்றுவது என்றால், கெடுதல் தெரியத் தொடங்கும் கணத்துக்கும் முழுதாகக் கெடும் கணத்துக்கும் நடுவில் குறைந்தது ஒரு தடவையாவது நாம் பார்த்தாக வேண்டும். விமான நிறுவனத்திடம் அதிர்வை ஓயாமல் அளக்கும் கருவி இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள். உங்களிடம் ஆண்டுக்கு ஒரு ஆய்வும் இரண்டு கைகளும் இருக்கின்றன. சீல் போட்ட பேரிங்கின் உட்புறம் கண்ணுக்கே தெரியாது. போதாததற்கு, உருளும் பேரிங்கும் அதன் கிரீஸும் காலத்தால் தளர்பவை. அந்த அறிக்கை சொல்லும் வயதாகாத உறுப்புகளின் கூட்டத்தில் அவை சேரா.

முன்னறிவிப்பு எப்போதும் வரும் என்று நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு ஹெலிகாப்டர் விபத்தைச் சொல்கிறேன். 2018 அக்டோபர் 27 அன்று இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், கால்பந்து மைதானத்திலிருந்து எழும்பிய ஏ.டபிள்யூ.169 ஹெலிகாப்டர் விழுந்து ஐந்து பேர் இறந்தனர். வால் ரோட்டரின் இரட்டை பேரிங் இறுகிப்போனதே விபத்தின் தொடக்கம் என்று 2023இல் வந்த பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை சொன்னது. அச்சின் வழியே விழுந்த சுமையும் வளைக்கும் திருப்பமும் சேர்ந்து தொடுபுள்ளியில் அழுத்தத்தை ஏற்றின. மசகுப் படலம் உடைந்து, குண்டுகள் உருளாமல் வழுக்கின. ரேஸின் மேற்பரப்பு காலத்துக்கு முன்பே சிதைந்தது. பழைய ஹெலிகாப்டரும் இல்லை, கவனிப்பாரற்றுக் கிடந்ததும் இல்லை. நம் ரோட்டர் தலை பேரிங்கின் மேல் விழுவதும் இதே இரண்டும் சேர்ந்த சுமைதான்: மேல்நோக்கிய இழுப்பும், ஸ்டிக்கை அசைக்கும்போதெல்லாம் வரும் வளைப்பும். வடிவமைப்பு வேறு, வேகம் வேறு. எஃகும் கிரீஸும் உடையும் விதம் ஒன்றே.

ஆகவே என் யோசனை இது. தயாரிப்பாளர் எண் கொடுத்திருந்தால் அது கடைசி எல்லை. கொடுக்காத தலைக்கு, 500 மணி அல்லது 5 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. இது எந்த நிறுவனத்தின் எண்ணும் இல்லை. என் தலைக்கு நான் வைத்திருக்கும் எல்லை. உங்கள் வண்டி கனமானால், கடலோரத்தில் நின்றால், அடிக்கடி டிரெய்லரில் போனால் இதையும் குறைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு மணியைவிட ஆண்டுதான் முதலில் வரும்; வரட்டும். சீல் போட்ட பேரிங் பெட்டியில் இருக்கும்போதே கிரீஸுக்கு வயதாகிறது என்பதால், அலமாரியில் பல வருஷம் கிடந்த 'புது' பேரிங்கையும் ஏற்காதீர்கள்.

சில நிகழ்வுகளுக்குப் பிறகு தேதியைப் பார்க்கவே கூடாது, கழற்றிவிட வேண்டும். பிளேடு தரையையோ மரத்தையோ தொட்டது, வண்டி கவிழ்ந்தது, பலமாகத் தரையிறங்கியது, ஓடுபாதையில் பிளேடுகள் தடதடத்துத் தலையின் தடுப்பில் மோதியது, வெள்ளத்தில் நனைந்தது, டிரெய்லர் விபத்தில் சிக்கியது: இவற்றில் எது நடந்தாலும் பேரிங்கின் ஆயுள் அன்றோடு முடிந்தது. மாஸ்டில் வெல்டிங் செய்யும்போது எர்த் கிளிப்பை வேறு பக்கம் மாட்டி, மின்சாரம் பேரிங் வழியே பாய்ந்திருந்தாலும் அப்படியே. குண்டுக்கும் ரேஸுக்கும் நடுவே பொறி பறந்து உலோகம் உருகிய புள்ளிகள் விழுந்திருக்கும். பழைய ஜைரோ வாங்கியவர்களுக்கும் இதையே சொல்வேன். விற்றவர் நல்லவராகவே இருக்கட்டும். எழுத்தில் வரலாறு இல்லாத பேரிங்கில் உங்கள் முதல் பறத்தல் நடக்கக் கூடாது.

மாற்றும் வேலையில் அவசரம் வேண்டாம். நோலனும் ஹீப்பும் எச்சரித்த ஆபத்து இந்த மேசையில்தான் இருக்கிறது. பேரிங்கின் முழு எண்ணையும், அதன் பின்னால் வரும் எழுத்துகளையும் சேர்த்துப் பொருத்திப் பாருங்கள். உள் இடைவெளி, கூண்டின் பொருள், சீல் வகை எல்லாம் அந்த எழுத்துகளில் இருக்கின்றன. அளவு ஒன்றாக இருந்தால் போதாது. போலி பேரிங்குகள் உலகச் சந்தையில் நிறைய இருப்பதால் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற கடையில் மட்டும் வாங்குங்கள். எந்த வளையம் இறுக்கமாகப் பொருந்துகிறதோ அந்த வளையத்தின் மேல் மட்டும் பிரஸ் அழுத்த வேண்டும். உள் வளையத்தை அழுத்தி வெளி வளையத்தை உட்காரவைத்தால் முழு விசையும் குண்டுகள் வழியே போகும். புதுப் பேரிங்கில் மாட்டும்போதே குழி விழும். சுத்தியல் வேண்டவே வேண்டாம். ஹவுசிங்கில் பேரிங் உட்காரும் இடத்தில் தேய்மானமோ, வளையம் நழுவிச் சுற்றிய தடமோ தெரிந்தால் ஹவுசிங்கே போய்விட்டது. பசை போட்டுச் சமாளிக்காதீர்கள்.

நடு போல்ட்டை வெளியே எடுத்திருக்கும் இந்த வாய்ப்பை விடாமல் அதில் விரிசல் சோதனை செய்யுங்கள். காலம் குறித்திருந்தால் போல்ட்டையும் மாற்றுங்கள். காட்டர் பின் எப்போதும் புதிது. டார்க் ரெஞ்சில் நீங்கள் வைத்த அளவை எழுதுங்கள். பிளேடுகளுக்கும் ஹப்புக்கும் கழற்றும் முன்பே குறியிடுங்கள். டீட்டர் பக்கங்களில் உள்ள ஷிம்கள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தனவோ அந்தப் பக்கத்துக்கே போக வேண்டும். இடம் மாறினால் ஸ்டிக் நடுங்கும். புதுப் பேரிங்கின்மேல் வீண் பழி விழும். முடித்த பிறகு இன்னொருவர் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துக் கையெழுத்திடட்டும். முதலில் தரையில் ரோட்டரைச் சுற்றவிட்டு நிறுத்திப் பாருங்கள். பிறகு காற்றில்லாத நேரத்தில் ஓடுபாதையின் மேலேயே தாழ்வாகச் சில தாவல்கள். இறங்கி வெப்பத்தை அளந்து, நட்டையும் பின்னையும் பார்த்துவிட்டு அதற்குப் பின்தான் வட்டமடிக்கப் போக வேண்டும்.

இத்தனைக்கும் எவ்வளவு செலவு? எளிய தலைகளில் அந்தப் பேரிங்கின் விலை, நீங்கள் காதில் மாட்டும் ஹெட்செட்டின் விலையில் ஒரு சிறு பங்கு. ஒரு சனிக்கிழமை வேலை. "இன்னும் ஒரு சீசன் ஓட்டிவிட்டு மாற்றலாம்" என்று தள்ளிப்போடுவதற்குப் பணம் காரணமாக இருக்க முடியாது. வெயில் நன்றாக இருக்கிறது, நண்பர்கள் காத்திருக்கிறார்கள், பின்னிருக்கையில் உட்கார மகன் ஹெல்மெட்டோடு நிற்கிறான். அந்த நேரத்தில் "கொஞ்சம் கரகரங்குது, பரவாயில்லை" என்று சொல்வது எளிது. அந்த நேரத்து உங்களை நம்பாதீர்கள் என்பதே இந்த மடலின் சாரம். அமைதியாக யோசித்த நாளில் உங்கள் கையால் எழுதிய தேதி, ஆசை மிகுந்த காலையில் உங்களைக் காக்கும். பின்னிருக்கையில் வருபவருக்குப் பேரிங் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அவருக்காகவும் நீங்கள்தான் முடிவெடுக்கிறீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இது தனித்தனியாக அல்லாமல், உங்கள் எல்லாருக்கும் சேர்த்து. ஐந்நூறா, ஆயிரமா என்று இத்தனை காலமாக வாதாடிக்கொண்டிருப்பதற்குக் காரணம், நம்மிடம் எண்கள் இல்லாததுதான். கழற்றிய பேரிங்குகள் குப்பைக்குப் போகின்றன. அவற்றோடு அவை கற்பிக்கும் பாடமும் போகிறது. இனிமேல் கழற்றிய பேரிங்கை வீசாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, கிரைண்டரில் வெளி வளையத்தை இரண்டாக அறுங்கள். கிரீஸின் நிறத்தையும் கெட்டித்தன்மையையும் குறித்துக்கொண்டு, துடைத்துவிட்டு, இரண்டு வரிசை ரேஸ்களையும் உருப்பெருக்கியில் பாருங்கள். பறந்த மணி, பொருத்திய ஆண்டு, டிரெய்லர் மைல், வண்டியின் எடை, நின்ற ஊர், போட்ட கிரீஸ் ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதி அந்தத் துண்டுகளோடு கட்டி வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அதையும் கொண்டுவாருங்கள். கூட்டம் நடத்துபவர்கள் அதற்கென்று ஒரு மேசை போடட்டும்.

நல்ல நிலையில் கழற்றப்பட்ட பேரிங்கும் அந்த மேசைக்கு வர வேண்டும்; எது தாங்கியது என்பதும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியதே. சில ஆண்டுகள் இப்படிச் சேர்த்தால், கடலோரத்தில் நின்ற தலைக்கு எத்தனை ஆண்டு, டிரெய்லரில் அலைந்த தலைக்கு எத்தனை, கனமான இரட்டை இருக்கை வண்டிக்கு எத்தனை மணி என்று கையில் ஆதாரத்தோடு பேச முடியும். நான் சொன்ன 500 மணி, 5 ஆண்டு என்ற எல்லை தவறென்று அந்த மேசை காட்டினால் மனமார ஏற்று மாற்றிக்கொள்வேன். அதுவரை, லாக்புக்கைத் திறந்து, உங்கள் தலையில் இப்போது இருக்கும் பேரிங் எந்த ஆண்டு மாட்டியது என்று பாருங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால், அதை மாற்றிவிட்டுப் பறங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு பறக்கும் ஒருவன்